நூறு புள்ளி நான்கு

எனக்குக் கணக்கே தெரியாமல் இருந்திருந்தால் என் மனைவி இன்று உயிரோடு இருந்திருப்பாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, சுடுகிறதே என்று பதறி, கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு ஓடியிருப்பேன். ஒன்றும் தெரியாதவன் அப்படித்தான் செய்வான். எனக்கோ எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அந்த நினைப்புதான் எங்கள் குடும்பத்தைக் கெடுத்தது.

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் ஒரு ஹேச்சரியில் இருபத்தாறு வருடமாக மேற்பார்வையாளனாக இருக்கிறேன். முட்டையை மிஷினில் அடுக்கி, சூடு கொடுத்து, இருபத்தொன்றாம் நாள் குஞ்சாக எடுக்கும் இடம் அது. எங்கள் தொழிலில் எல்லாமே சூடுதான். மிஷினுக்குள் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் குஞ்சு முன்கூட்டியே வெளியே வந்து தொப்புள் காயாமல் சாகும். ஒரு டிகிரி இறங்கினால் ஓட்டை உடைக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே சாகும். அரை டிகிரிக்குள்தான் இத்தனை வருடமும் என் பிழைப்பு ஓடியது. மிஷின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் காற்றை வைத்தே சூடு கூடவா குறைவா என்று சொல்லிவிடுவேன். வேலைக்கு வரும் பெண்கள் எனக்கு டிகிரிக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்தாவதோடு நிறுத்தியவன் நான். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு புது மிஷின்கள் வந்தன. அவற்றில் சூடு சென்டிகிரேடில் காட்டியது. வேலையாட்கள் குழம்பிப் போனார்கள். நான் பள்ளியில் படித்ததை நினைவில் தேடி எடுத்தேன். ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. 37.5 என்றால் 99.5 வந்தது. ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மிஷினில் ஒட்டினேன். அத்தோடு நின்றிருந்தால் தேவலை. மிஷின் 37.6 காட்டினால் என்ன சொல்வது என்று ஒரு பெண் கேட்டாள். "இங்க ஒரு புள்ளி ஏறுனா அங்கயும் ஒரு புள்ளின்னு வெச்சுக்க சாமி. 99.6" என்றேன். உண்மையில் 99.7 என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் எந்தக் குஞ்சும் சாகாது. அதனால் என் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை. மூன்று வருடம் அந்தக் குறுக்குவழியில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நல்லபடியாகப் பொரித்தன. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது போன வருடம். சேலத்தில் ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்தார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுவார்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும் அவள் விடவில்லை.

"ஏனுங்க, என்னையும் மிஷின்ல அடுக்கிப்போட்டீங்களா? இருவத்தொண்ணாம் நாளு என்ன குஞ்சு வருதுன்னு பாக்கறதுக்கா?"

தலைமுடி கொட்டி, நாக்கில் ருசி போய், வாந்தி எடுத்துக் களைத்துப் படுத்திருக்கும்போதும் அவளுக்கு இந்தக் கேலி போகவில்லை. எனக்கு அது பெரிய பலமாக இருந்தது. அவள் கேலி பேசுகிறவரை ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

முதல் தடவை மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். "ரத்தத்துல வெள்ளணு ரொம்பக் கொறஞ்சுபோகும். சின்னக் கிருமி வந்தாலும் ஒடம்பு தாங்காது. காய்ச்சல் 100.4 தாண்டினா மாத்திரை போட்டு இறக்கிட்டு ஒக்காந்திருக்காதீங்க. எந்த நேரமானாலும் ஒடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். தாளிலும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 100 என்று முழுசாகச் சொல்லாமல் அதென்ன புள்ளி நான்கு என்று அப்போது எனக்குத் தோன்றியது. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள், கறாராகத்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அது எங்கிருந்து வந்த எண் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்து இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு நான்தான் காய்ச்சல் பார்ப்பேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி வைப்பேன். மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவோடு இருக்கிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னாள். "நீ எதுக்குச் சாமி வேலையக் கெடுத்துக்கற? சூடு பாக்கறதுக்கு என்னைய விட்டா ஆருக்குத் தெரியும்?" என்று நான்தான் தடுத்தேன்.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு ஒருநாள் 99.6 வந்தது. பயந்துபோய் கார் பிடித்து ஓடினோம். வழியெல்லாம் குலுங்கியதில் அவள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். அங்கே நான்கு மணி நேரம் உட்கார்ந்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, 100.4 தாண்டினால் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இனி அந்த எண்ணைத் தாண்டாமல் இவளை அலைக்கழிக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் கண்ணாடித் தெர்மாமீட்டரை உதறும்போது குழாயில் பட்டு உடைந்தது. மெடிக்கலில் டிஜிட்டல் ஒன்று வாங்கினேன். வாயில் வைத்துப் பார்த்தால் 36.8 காட்டியது. கடைக்காரர், "பட்டனை அமுத்திப் புடிச்சீங்கன்னா ஃபாரன்ஹீட்டுக்கு மாறிக்குமுங்க. மாத்திக் குடுக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. நமக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றேன். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

மூன்றாவது மருந்து ஏற்றிய பத்தாம் நாள். காலை ஆறு மணிக்கு 37.9 காட்டியது. உடம்பின் சாதாரணச் சூடு 37, அதாவது 98.6. அது ஊருக்கே தெரிந்த எண். அதற்கு மேல் ஒன்பது புள்ளி ஏறியிருக்கிறது. 98.6-உடன் ஒன்பது புள்ளியைக் கூட்டினேன். 99.5. நோட்டில் எழுதினேன். அது எங்கள் மிஷினின் எண். சிரிப்புகூட வந்தது.

ஒன்பது மணிக்கு 38.2. என் கணக்கில் 99.8. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஏனுங்க, ஒடம்பு ஒரு மாதிரியா வருதுங்க. ஒருக்காப் போயிட்டு வந்தரலாமுங்களா?" என்றாள். நோட்டைக் காட்டினேன். "இன்னும் நூறே ஆகல. போனா போன தடவையாட்டத் திருப்பி அனுப்புவாங்க" என்றேன். அவள் தலையாட்டினாள். டிகிரி விஷயத்தில் அவள் என்னிடம் எதிர்த்துப் பேசியதே கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு 38.5. என் கணக்கில் 100.1. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவிட்டாள். குளிர்கிறது என்று சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். திரும்பவும் கேட்டாள், போலாமா என்று. நான் கொஞ்சம் எரிச்சலாகவே, "அந்த நம்பரு தாண்டட்டும், நானே தூக்கிட்டுப் போறேன்" என்றேன். அந்த எரிச்சலை எப்படித் திரும்ப எடுப்பது?

மூன்று மணிக்கு நான் உள்ளே போனபோது அவள் எழுந்து, எப்படியோ வேறு சேலை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தெர்மாமீட்டரைக் கொடுத்ததும் வாயில் வைத்துக்கொண்டாள். பார்த்தேன். 38.7. என் கணக்கில் 100.3. இன்னும் ஒரு புள்ளி இருந்தது. ஃபைலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அவளைப் படுக்கச் சொன்னேன். படுத்தாள்.

ஐந்து மணிக்கு 38.9. என் கணக்கில் 100.5. தாண்டிவிட்டது. அடுத்த ஐந்தாவது நிமிடம் கார் வாசலில் நின்றது. நர்ஸ் சொன்னதை எவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடிக்கிறேன் என்று வழியில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் இருந்தது.

சேலத்தில் அவசரப் பிரிவில் பார்த்தபோது 103.2. "எப்படிங்க? ஊட்டுல இருந்து கெளம்பும்போது நூத்தி அரைதானுங்க இருந்துச்சு" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். "வர்ற வழியில ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். மகள் ஓசூரிலிருந்து வந்து சேருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். 99.5, 99.8, 100.1, 100.3, 100.5. வரிசையாகப் பார்த்தவர் என் தோளில் கை வைத்தார். "இவ்வளவு சரியா யாருமே பாக்கறதில்லீங்க. தாண்டின ஒடனே கூட்டிட்டு வந்துட்டீங்க. கிருமி ரொம்ப வேகமாப் பரவிடுச்சு. நீங்க செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சுட்டீங்க" என்றார். என் கையெழுத்தை நம்பிச் சொன்னார். அவரை என்ன குறை சொல்வது? மகள் அந்த நோட்டை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அப்பா மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்து எழுதி வெச்சிருக்காருங்க. டாக்டரே சொல்லிட்டாரு, ஆராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுது முடிந்ததும் அந்த வார்த்தைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது.

நானும் அதை நம்பித்தான் இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தேன். ஹேச்சரிக்குத் திரும்பப் போனேன். ஒருநாள் காலை பத்து மணிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். போர்வெல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுப் புதிதாகக் கோழி வளர்க்க இறங்கியவர். எங்களிடம் குஞ்சு வாங்கிக் கொட்டகையில் விட்டிருந்தார்.

"ஏனுங்க, முதல் வாரம் தொண்ணூத்தஞ்சு டிகிரி இருக்கோணும்னீங்க. இங்க மீட்டருல முப்பத்தஞ்சுன்னு காட்டுது. அது எவ்வளவுங்க?"

நான் யோசிக்கவே இல்லை. 37 என்றால் 98.6, இரண்டு குறைவு. "96.6 வருதுங்க. சூட்டைக் கொஞ்சம் கொறைங்க" என்றேன்.

"அப்படீங்களா? போன்ல போட்டுப் பாத்தா சரியாத் தொண்ணூத்தஞ்சுன்னு வருதுங்களே."

போன் தப்பாகக் காட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் கிடந்த முட்டை அட்டையில் சும்மா போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்தை ஒன்பதால் பெருக்கினால் முந்நூற்றுப் பதினைந்து. ஐந்தால் வகுத்தால் அறுபத்து மூன்று. முப்பத்திரண்டைக் கூட்டினால் தொண்ணூற்று ஐந்து. அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு, அதற்குக் கீழே முப்பத்தெட்டைப் போட்டேன். முந்நூற்று நாற்பத்திரண்டு. அறுபத்தெட்டு புள்ளி நான்கு. நூறு புள்ளி நான்கு.

அந்தப் புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தெட்டு என்ற முழு எண்ணைத்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களுக்காக மாற்றி எழுதியிருக்கிறார்கள். சென்டிகிரேடில் ஒரு டிகிரி ஏறினால் ஃபாரன்ஹீட்டில் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி ஏறும். நான் ஒன்றுக்கு ஒன்றாகக் கூட்டியிருக்கிறேன். ஒன்பது மணிக்கே அவள் எல்லையைத் தாண்டிவிட்டாள். அவள் முதல் தடவை கேட்ட நேரம் அது. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது 101.7. காரில் நான் திருப்தியோடு போனபோது 102. எட்டு மணி நேரம் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால் எனக்கு அது தெரியும். கோடை வந்தால் பேப்பரில் சேலத்தில் வெயில் நூறைத் தாண்டியது என்று போடுவான். போனைப் பார்த்தால் முப்பத்தெட்டு இருக்கும். வருடா வருடம் பார்க்கிறேன், பேசுகிறேன். டீக்கடையில் பிறருக்கு விளக்கியிருக்கிறேன். வெயிலுக்கு ஒரு கணக்கும் உடம்புக்கு ஒரு கணக்கும் மண்டையில் தனித்தனியாக வைத்திருந்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை போடும் கணக்கு இது.

நாங்கள் கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இது பாவமில்லைங்க. தெரிஞ்சு செய்யல. தப்பு நடந்துபோச்சு, அவ்வளவுதான். மனசைத் தேத்திக்குங்க" என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் வெளியே வரும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. பாவமாக இருந்திருந்தால் மன்னிப்பு என்று ஒன்று கிடைத்திருக்கும். தப்பான கணக்கை யார் மன்னிப்பார்கள்? செபம் செய்ய முட்டி போட்டால் 38.2 என்று வருகிறது.

ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். மகள் ஒவ்வொரு ஞாயிறும் போனில், "நீங்க உங்களால ஆனதெல்லாம் பண்ணீட்டீங்கப்பா, எதையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்பாள். அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் உள்ளே இறங்கி அறுத்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போன மாதம் அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். மெடிக்கலில் வாய் விட்டதிலிருந்து முட்டை அட்டைக் கணக்கு வரை ஒன்றையும் விடவில்லை.

அவள் அழவில்லை. போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தாள். கடைசி எண்ணும் வந்த பிறகு போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா போலாம்னு கேட்டாங்களா?"

"கேட்டா, சாமி."

"எத்தன தரம்?"

"மூணு."

எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்தாள். தட்டு கழுவும் சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் குழாயை மூடிவிட்டு வந்து கதவோரம் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"இதைய ஏனுங்கப்பா எங்கிட்டச் சொன்னீங்க?" என்றாள். "டாக்டரு சொன்னத நெனச்சுத்தான் நான் இத்தன நாளாத் தூங்கீட்டிருந்தேன்."

சாயந்திரம் ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஸ்டாண்டு வரைக்கும் வாரேன் என்றதற்கு வேண்டாங்கப்பா என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போன் வருகிறது, சாப்டீங்களா என்று கேட்கிறாள். நீ தூங்குகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.